காலரில் உட்கார்ந்த ஈ

மார்க்கிரட் அக்காவுக்கு மலாய் வராது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இந்தக் கதையில் நடந்த நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் அதுதான் காரணம்.

மலாய் நாட்டுத் தலைநகரத்துப் பிரிக்பீல்ட்ஸில் பிறந்து, அங்கேயே வளர்ந்து, ரயில்வே கூட்ஸ் ஆபீஸில் முப்பத்தோரு வருஷம் கிளார்க்காக இருந்தவர் அவர். யாழ்ப்பாணத்து வழி, மெதடிஸ்ட் தேவாலயத்தில் இரண்டாவது வரிசை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அதைப் பற்றி யாரும் கேட்கவும் துணிந்ததில்லை. அவர் எழுதுகிற இங்கிலீஷைப் பார்த்து வெள்ளைக்காரத் துரைகளே அகராதியைத் தேடியிருக்கிறார்கள். பாசாரில் மீன் வாங்குகிற அளவுக்கு மலாய் பேசுவார், அதுவும் பாதி விரலால்தான். ஆனால் பதவி உயர்வு வேண்டுமென்றால் மலாய்ப் பரீட்சை பாஸ் பண்ணவேண்டும் என்று ஒரு நாள் உத்தரவு வந்தது. நான்கு தடவை எழுதினார். நான்கு தடவையும் கோட்டை விட்டார்.

நான்காவது தடவை வாய்மொழித் தேர்வு. தேர்வாளர் தங்கமான மனிதர். வீட்டில் யார் சமையல் என்று கேட்டார். "நானே சமைக்கிறேன்" என்று சொல்லவேண்டும். அதற்கு 'செண்டிரி' என்ற வார்த்தை வரவேண்டிய இடத்தில் அக்காவுக்கு 'சுஆமி' என்று வந்துவிட்டது. மலாயில் அது புருஷன். ஆக, "நான் புருஷனைச் சமைக்கிறேன்" என்று அரசாங்க அதிகாரி முன்னால் கைகட்டி நின்று வாக்குமூலம் கொடுத்துவிட்டார். தேர்வாளர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். பிறகு மனம் இரங்கி, "செண்டிரி, மிஸ், செண்டிரி" என்று பத்துத் தரம் சொல்லவைத்து, 'தானே, அதுவே' என்று அர்த்தமும் சொல்லி அனுப்பினார். பரீட்சை போனது போனதுதான். ஆனால் அந்த ஒரு வார்த்தை மட்டும் அக்காவின் மண்டையில் ஆணி அடித்த மாதிரி நின்றுவிட்டது. சாகும்வரை மறக்காது என்று அவரே சொல்லுவார்.

அதே நாற்காலியில் உட்கார்ந்தபடியே 1981இல் ஓய்வு பெற்றார். அந்த வருஷம் ஆபீஸில் சரக்குப் பாரங்களையெல்லாம், அதாவது நிரப்பித் தருகிற படிவங்களையெல்லாம், மலாய்க்கு மாற்றினார்கள். பழைய இங்கிலீஷ் பாரங்களைக் குப்பைக்குப் போடச் சொன்னார்கள். அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. இரண்டு கட்டுகளை டாக்சியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். அந்தப் பாரங்களுக்கு அப்புறம்தான் நல்ல காலம் பிறந்தது.

ஏனென்றால் அக்கா மாப்பிள்ளை விசாரிக்க ஆரம்பித்தார். நம் ஆட்களிடையே பெண்ணைக் கொடுப்பதற்கு முன்னால் பையனைப் பற்றி நாலு பேரிடம் விசாரிப்பது வழக்கம்தான். ஆனால் அந்த நாலு பேரும் பூசி மெழுகித்தான் சொல்லுவார்கள். அக்கா நாலு பேரிடம் போகமாட்டார். ஆள் செய்கிற வேலையைப் பார்ப்பார். டாக்டர் மாப்பிள்ளை என்றால் தலைவலி என்று கிளினிக்கில் போய் உட்கார்ந்து, எத்தனை பேரை எத்தனை நிமிஷத்தில் விரட்டுகிறார் என்று பார்ப்பார். வாத்தியார் என்றால் திருத்திய நோட்டுப் புத்தகத்தைக் கடன் வாங்கிப் பார்ப்பார். "ஆள் பொய் சொல்லும், சரக்கு பொய் சொல்லாது" என்பது கூட்ஸ் ஆபீஸில் அவர் கற்ற வேதம்.

பார்த்ததையெல்லாம் அந்தப் பழைய சரக்குப் பாரத்திலேயே எழுதுவார். அதில் கட்டங்கள் எல்லாம் ஏற்கெனவே இருந்தன. 'சரக்கின் விவரம்' என்ற இடத்தில் பையன் பெயர், படிப்பு. 'ஆபத்தான பொருள் உடன் உண்டா' என்ற இடத்தில் மாமியாரைப் பற்றி. 'சேதம்' என்ற இடத்தில், 'முன்பக்கம் லேசான வழுக்கை' என்கிற மாதிரி. கடைசியில் 'பெற்றுக்கொண்டவர் கையொப்பம்'. அதில் பெண்தான் கையெழுத்துப் போடவேண்டும், அப்பாவோ அம்மாவோ போட்டால் அக்கா வாங்கமாட்டார். பதினாறு விசாரணையில் ஒன்றே ஒன்றில்தான் அக்கா கோட்டை விட்டார். என்ஜினீயர் மாப்பிள்ளைக்குப் பல் பூராவும் கட்டுப்பல் என்பது கல்யாணத்துக்கு மறுநாள்தான் தெரிந்தது. அன்றிலிருந்து பிரிக்பீல்ட்ஸில் பெண் பார்க்க வருகிற எந்தப் பையனுக்கும் கேசரி கிடையாது, முறுக்குத்தான்.

1983இல் பக்கத்து வீட்டு நேசம்மாவின் மகள் மீனலோசனிக்குச் சம்பந்தம் வந்தது. மீனலோசனிக்கு இருபத்தெட்டு வயசு. செராஸில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. பையன் பெயர் வாசு. பெட்டாலிங் ஜெயாவில் வீடு. அப்பா வீரசிங்கம் நில அளவை இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். பையன் சொந்தமாகச் சட்டை செய்து விற்கிறான். சட்டைக்குப் பெயர் 'சர் வாசு'. பெட்டியின் மேல் கிரீடம் வைத்த மீசைக்காரர் ஒருவர் படம் இருக்கும். உற்றுப்பார்த்தால் அது வீரசிங்கம்தான்.

ஒரு கல்யாண வீட்டில் இரண்டு பேரும் பார்த்துப் பேசியிருக்கிறார்கள். மீனலோசனி மதில் ஓரமாக வந்து நின்று, "ஆன்டி, நல்லா விசாரிங்க" என்றாள். கொஞ்சம் நின்று, "ரொம்ப நல்லா விசாரிக்கணும்னு இல்ல" என்றாள்.

"என்ன பிள்ளை, பிடிச்சுப்போச்சா?"

"அவர் சிரிச்சா எனக்கும் சிரிப்பு வருது ஆன்டி. வேற ஒன்னும் இல்ல."

 இந்தப் பிள்ளையைத் தொட்டிலில் ஆட்டியவர் அக்கா. இந்தச் சம்பந்தம் தப்பிப்போனால் அவள் தாங்கமாட்டாள் என்று தெரிந்தது. தப்பான ஆளாக இருந்தாலும் தாங்கமாட்டாள். உடனே குடையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய், ஒரு 'சர் வாசு' சட்டை வாங்கிவந்தார். நீலக் கோடு போட்டது, பதினாறரைக் காலர்.

போட்டுப் பார்க்க ஆள் வேண்டுமே? எதிர்வீட்டுக் கனகசபை அகப்பட்டார். ஓய்வு பெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். அக்கா பச்சைக்கொடி காட்டினால் ஓடுவார், சிவப்புக்கொடி காட்டினால் நிற்பார். ஏழு நாள் அந்தச் சட்டையைத்தான் அவர் போட்டார். காலையில் போடுவது, சாயங்காலம் அக்கா துவைப்பது. முதல் நாள் நடக்கச் சொன்னார். இரண்டாம் நாள் குனிந்து நூறு தடவை பேப்பர் பொறுக்கச் சொன்னார். ஐந்தாம் நாள், "அந்த மாமரத்தில ஏறுங்கோ, தையல் பிடிக்குதா பார்ப்பம்" என்றார்.

"மார்க்கிரட், எனக்கு அறுபத்துமூணு."

"உங்களைப் பரிசோதிக்கேல்லை. சட்டையைத்தான்."

ஏறினார். அவர் கைலி கிழிந்தது, சட்டை கிழியவில்லை. ஒரு பட்டன்கூடத் தளரவில்லை, சாயம் போகவில்லை, காலர் சுருங்கவில்லை. கனகசபைக்கோ அந்தச் சட்டையைப் போட்டதில் இருந்து நடையே மாறிவிட்டது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தார். எட்டாம் நாள் திருப்பிக் கேட்டபோது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

அக்கா சட்டையை மேஜையில் விரித்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். அடிமடிப்பின் உட்பக்கத்தில், யாரும் பார்க்காத இடத்தில், சிவப்பு நூலால் மூன்று குட்டித் தையல் போட்டிருந்தது. காலரின் உட்பக்கத்துச் சீட்டில் மலாயில் ஒரு வரி: 'டிஜாஹிட் டி கிலாங் செண்டிரி'.

அக்கா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். படிக்க முடிந்துவிட்டது! 'ஜாஹிட்' தையல் என்று தையல்கடைப் பலகைகளில் பார்த்திருக்கிறார். 'டி' என்றால் இடம். 'செண்டிரி' சொல்லவே வேண்டாம், உயிர் போனாலும் மறக்காத வார்த்தை. நடுவில் இருக்கிற 'கிலாங்' மட்டும் கொஞ்சம் இடித்தது. அப்புறம் தெளிந்தது. கிள்ளான்! அவர் வேலைக்குச் சேர்ந்தபோது அந்த ஊருக்கு இங்கிலீஷில் ஒரு எழுத்துக்கூட்டு. நடுவில் அரசாங்கம் மலாய் எழுத்தைச் சீர்திருத்துகிறோம் என்று சொல்லி ஒரு இங்கிலீஷ் 'ஈ' (E) எழுத்தைச் செருகி 'கெலாங்' ஆக்கியது. ஆபீஸில் ஆறு மாதம் ரப்பர் ஸ்டாம்பு மாற்றினார்கள். இப்போது 'ஈ'யை எடுத்துவிட்டு 'ஐ' (I) எழுத்தைப் போட்டுவிட்டார்கள் போல. "இவனுங்களுக்கு வேற வேலை இல்லை" என்று அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டே பாரத்தில் எழுதினார்: 'கிள்ளானிலேயே தைக்கப்பட்டது.'

பையன் வீட்டாரோ மேருவில் வேலை நடக்கிறது என்று சொல்லியிருந்தார்கள். மேரு கிள்ளானுக்கு வடக்கே, ஆலைகள் இருக்கிற பக்கம். சட்டை சொல்வது கிள்ளானிலேயே. வேதப்படி அக்கா சட்டையை நம்பினார். மறுநாள் காலை கிள்ளான் பஸ் ஏறினார்.

இறங்கியதும் முதலில் கண்ணில் பட்ட நூல், பட்டன் கடைக்குள் நுழைந்து சட்டையைத் திருப்பிக் காட்டினார். கடைக்காரர் சோலையப்பன் செட்டியார் சிவப்புத் தையலைப் பார்த்தவுடன், "இது மாரியாயி மார்க்குல்ல?" என்றார். வீட்டிலிருந்து தைக்கிற பெண்கள் ஆளுக்கு ஒரு அடையாளம் போடுவார்களாம். தையல் சரியில்லை என்று சட்டை திரும்பி வந்தால் யாருடையது என்று தெரிய வேண்டுமே. மாரியாயி வீடு எங்கே என்று வழியும் சொன்னார். பாலம் தாண்டி, தண்டவாளத்துக்குப் பின்னால் இருக்கிற கம்பத்துக் குடியிருப்பில் மூன்றாவது வீடு.

வாசலில் மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. அக்கா குடையை மடக்கி, தொண்டையைக் கனைத்து, ஆபீஸ் குரலில், "நான் வாசுவைப் பத்தி விசாரிக்க வந்திருக்கேன்" என்றார்.

சத்தம் நின்றது. உள்ளே ஏதோ உருண்டது. உள்ளே போனபோது முப்பத்தெட்டு நாற்பது வயசில் ஒரு பெண் பெரிய மூட்டை ஒன்றின் மேல் கைலியை விரித்து, அதன் மேல் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். மூட்டையின் ஓரத்தில் இருந்து நீலக் கோடு போட்ட சட்டைக் கை ஒன்று வெளியே தொங்கிக்கொண்டிருந்தது.

"வாசுவா? அப்படி யாரும் தெரியாதும்மா."

"மாரியாயி நீங்கதானே?"

"மாரியாயியும் தெரியாது."

அக்கா தொங்குகிற கையைப் பார்த்தார். மாரியாயியும் பார்த்தாள். மெல்ல அதை உள்ளே தள்ளினாள்.

"குடிப்பானா?" என்றார் அக்கா.

"யாரு?"

"வாசு."

மாரியாயி குழம்பிப்போனாள். "நீங்க தொழிலாளர் ஆபீசுலேர்ந்து வரலியா?"

"இல்லையே. கல்யாணத்துக்கு விசாரிக்கிறேன். பொண்ணு வீட்டுல இருந்து."

"அடக் கடவுளே! கல்யாணத்துக்கா? வந்ததும் அதைச் சொல்லக்கூடாதாம்மா? பயத்துல எனக்கு வேர்த்து ஊத்திருச்சு லா!" என்று மாரியாயி மூட்டையிலிருந்து குதித்து இறங்கினாள். தேத்தண்ணி வந்தது, பிஸ்கட் வந்தது, அப்புறம் வாசுவின் முழுக் கதையும் வந்தது. இந்த மாதிரிப் பதினோரு வீட்டில் தைக்கிறார்கள். வெட்டிய துணியை வாசுவே வேனில் கொண்டுவந்து போடுவான். கூலி ஒரு நாள் தவறியதில்லை. தரையில் உட்கார்ந்து சாப்பிடுவான், நெத்திலிக் குழம்பு என்றால் உயிர். போன வருஷம் இவளுக்கு அப்பெண்டிக்ஸ் வந்தபோது வேனில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது அவன்தான். மேருவில் ஒரு ஷெட் இருக்கிறது. அங்கே இஸ்திரி போட்டு மடித்துப் பெட்டியில் வைப்பார்கள். மிஷின் ஒன்றுகூடக் கிடையாது.

அக்கா எழுத எழுதப் பாரம் நிறைந்தது. 'சேதம்' கட்டம் மட்டும் காலி.

"ஒரே ஒரு கொறைதாம்மா" என்றாள் மாரியாயி. "யாரு கேட்டாலும் தன்னைத் தெரியாதுன்னுதான் நாங்க சொல்லணும்பாரு வாசு. வீட்டுல தைச்ச சட்டைன்னா பெரிய கடையில வாங்கமாட்டாங்களாம். எனக்கென்ன, சொல்லாட்டிப் போறேன். ஆனா புஷ்பவல்லி, என் மவ, பள்ளிக்கூடத்துல பாரம் குடுத்தாங்க. அம்மாவுக்கு என்ன வேலைன்னு. நான் ஒன்னும் இல்லைன்னு எழுதச் சொன்னேன். அது என் மிஷினைப் பாத்துச்சு, என்னைப் பாத்துச்சு, ஒன்னும் இல்லைன்னு எழுதுச்சு. ரெண்டு நாளு என்னால சாப்பிட முடியல."

அக்காவுக்குத் தாங்கவில்லை. முப்பத்தோரு வருஷம் ஒரே நாற்காலியில் இருந்தவருக்கு அந்த வலி புரியாமல் போகுமா? ஆறுதல் சொல்லியே ஆகவேண்டும் என்று தோன்றியது. சட்டையின் காலரைத் திருப்பினார்.

"யாரு சொன்னது ஒன்னும் இல்லைன்னு? இங்க பாருங்க. உங்க பேரைப் போடல, சரி. ஆனா உங்க ஊரைப் போட்டிருக்கான். கிள்ளானிலேயே தைச்சதுன்னு அச்சடிச்சிருக்கு."

மாரியாயிக்கு எழுத்துத் தெரியாது. விரலால் அந்தச் சீட்டைத் தடவினாள். "நெசமாவா? இத்தனை நாளா நானே தைச்சு ஒட்டுறேன், எனக்குத் தெரியலியே! கிள்ளான்னா போட்டிருக்கு?" பிறகு வாசலுக்கு ஓடி, பக்கத்து வீட்டு நல்லம்மாளைக் கூப்பிட்டு, அவளுக்கும் காட்டினாள். "புஷ்பவல்லி பள்ளிக்கூடம் விட்டு வரட்டும். அதுகிட்ட மொதல்ல காட்டுறேன்" என்றாள்.

அக்கா பஸ்ஸில் திரும்பும்போது பாடிக்கொண்டே வந்தார். தேவாலயத்துப் பாட்டுத்தான், ஆனால் கொஞ்சம் வேகமாக.

அன்று சாயங்காலம் நேசம்மா வீட்டில் பாரத்தைப் பிரித்து வாசித்தார். "சரக்கு முதல் தரம். குடி இல்லை. நெத்திலிக் குழம்பு. நேர்மை: மிக நன்று. மிஷின் ஒண்டும் இல்லாத ஷெட்டை வெச்சுக்கொண்டு தகப்பன்காரர் மேரு மேரு எண்டு பெருமை அடிச்சாலும், பையன் சட்டையில உண்மையைத்தான் அச்சடிச்சிருக்கிறான். எழுத்துப்பிழை மட்டும் உண்டு."

நேசம்மா பிள்ளையார் படத்தைப் பார்த்துக் கும்பிட்டார். மீனலோசனி சிரித்துக்கொண்டே சட்டையை வாங்கிச் சீட்டைப் படித்தாள். சிரிப்பு நின்றது.

இங்கே ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். மீனலோசனி செராஸ் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிற பாடம் மலாய்.

"ஆன்டி, இது ஊர் பேர் இல்ல. கிலாங்னா பேக்டரி."

"என்னது?"

"பேக்டரி. 'சொந்தத் தொழிற்சாலையில் தைக்கப்பட்டது'ன்னு போட்டிருக்கு."

அக்கா ஐந்தாவது தடவையாகப் பெயில். முதலில் நேசம்மா சிரித்தார், அப்புறம் மதிலுக்கு மேலே தலையை நீட்டி ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்த கனகசபை சிரித்தார். அக்காவுக்கே சிரிப்பு வந்தது. மீனலோசனி மட்டும் சிரிக்கவில்லை. தொழிற்சாலை ஒன்று இல்லவே இல்லையே என்று அவளுக்குத்தான் முதலில் உறைத்தது. பொய் சொல்லாத சரக்கு பொய் சொல்லியிருக்கிறது. அக்கா நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"ஐயோ பிள்ளை, நான் அந்த மனுசிட்ட கிள்ளான் எண்டு சொல்லிப்போட்டு வந்திட்டனே! மகளுக்குக் காட்டுறேன் எண்டு சொன்னாளே! அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்தில மலாய் படிக்கும்!"

மீனலோசனி சட்டையை மடித்து அம்மாவிடம் கொடுத்துவிட்டு அறைக்குள் போனாள். கதவைச் சாத்தவில்லை. அதுதான் அக்காவுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது, ஏனென்றால் அவள் கட்டிலில் உட்கார்ந்து சும்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை முறைப்படி பெண் பார்க்க வந்தார்கள். வாசுவும் வீரசிங்கமும், கூட நாலைந்து உறவுக்காரர்களும். வாசு வெள்ளை 'சர் வாசு' போட்டு வந்திருந்தான். முறுக்கை நொறுக்கித் தள்ளினான். பல்லில் குறை இல்லை. எல்லாரும் வானிலை பற்றிப் பேசி முடித்தபோது மீனலோசனி கேட்டாள்.

"இந்தச் சட்டையை எங்க தைக்கிறீங்க?"

வாசு ஒரு நொடி அப்பாவைப் பார்த்தான். "மேருல. நம்ம பேக்டரிலதான்."

அக்கா எழுந்தார். பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளையின் சட்டையை இடுப்பிலிருந்து வெளியே இழுத்த பெண்மணி பிரிக்பீல்ட்ஸ் சரித்திரத்தில் இவர் ஒருவர்தான். அடிமடிப்பைத் திருப்பிக் காட்டினார். சிவப்பு நூல், மூன்று தையல்.

"இது யாரு தெரியுமா தம்பி?"

 "மாரியாயி அக்கா" என்றான் வாசு, தரையைப் பார்த்து. பிறகு, "நல்லா தைப்பாங்க ஆன்டி. ஆனா வீட்டுல தைச்சதுன்னா எந்தக் கடைக்காரன் வாங்குவான்? நான் அவங்களை ஏமாத்தல" என்றான்.

"கூலியில ஏமாத்தல. நான் விசாரிச்சிட்டேன். ஆனா அந்த மனுசி மகளோட பாரத்தில 'ஒன்னும் இல்லை' எண்டு எழுதவெச்சிருக்கா. நான் போய் அவகிட்ட சட்டையில கிள்ளான் எண்டு போட்டிருக்குன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். நான் பொய் சொல்லிப் பழக்கம் இல்லை. அதனால நீ சட்டையை மாத்து."

தன் தப்புக்கு ஊரையே மாற்றச் சொல்லுகிற நியாயம் இது. வீரசிங்கம் மீசையைத் தடவிக்கொண்டு வாயைத் திறக்கப் பார்த்தார். அதற்குள் மீனலோசனி உள்ளே போய், நோட்டுத் திருத்துகிற சிவப்புப் பேனாவோடு வந்தாள். வாசுவின் பின்னால் நின்றாள். காலரை மடக்கி, சீட்டை இழுத்துப் பிடித்து, ஒரு எழுத்தை அடித்தாள். 'ஐ' போனது, 'ஈ' வந்தது. நேசம்மா தலையில் கைவைத்துக்கொண்டார்.

"இப்போ உண்மை" என்றாள் மீனலோசனி. பேனாவை மூடினாள். "ஒரு எழுத்துதான். எல்லாச் சட்டையிலும் மாத்திட்டு வாங்க. அதுக்கப்புறம் பேசலாம்."

வாசுவின் முகத்தில் ஈயாடவில்லை. காலரில்தான் உட்கார்ந்திருந்தது. எழுந்து போனான். போகும்போது சட்டையை உள்ளே விட்டுக்கொள்ளக்கூட மறந்துவிட்டான்.

ஒரு வாரம் போனது. இரண்டு வாரம் போனது. நேசம்மா மதில் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டார். வந்தாலும், "பாரமும் வேண்டாம் ஒண்டும் வேண்டாம் அக்கா, உங்கட விசாரணையால என்ர பிள்ளை சாப்பிடுறதே இல்லை" என்பார். மீனலோசனி பள்ளிக்கூடம் போனாள், வந்தாள். மாணவர்களின் நோட்டுகளில் 'ஐ' வருகிற இடத்தையெல்லாம் வெறித்துப் பார்த்தாள். அக்காவுக்குத் தூக்கம் போய்விட்டது. மலாய் தெரிந்திருந்தால் இத்தனையும் வந்திருக்காது என்று தன்னையே திட்டிக்கொண்டார். தெரிந்திருந்தால் பொய்யும் வெளியே வந்திருக்காது என்பது அப்புறம்தான் தோன்றியது, ஆனால் அதில் ஆறுதல் கிடைக்கவில்லை.

நான்காவது வாரம் வேன் வந்து நின்றது. வாசு மட்டும் இறங்கினான். கையில் ஒரு பெட்டி. நேராக அக்கா வீட்டுக்கு வந்தான்.

"ஆன்டி, எல்லாம் மாத்திட்டேன்."

அக்கா பெட்டியைத் திறந்தார். சீட்டில் புதிய அச்சு: 'டிஜாஹிட் டி கெலாங் செண்டிரி'. கிள்ளானிலேயே தைக்கப்பட்டது. பக்கத்தில், இத்தனை நாள் அடிமடிப்பில் ஒளிந்திருந்த சிவப்பு நூல் அடையாளம் காலருக்கு ஏறி வந்திருந்தது.

"கடைக்காரங்க?"

"ஒரு பெரிய கடை வேணாம்னுட்டான். மத்தவங்களுக்கு மாத்தினதே தெரியல." வாசு வெட்கப்பட்டுச் சிரித்தான். "மூணு வருஷமா பயந்துகிட்டு இருந்தேன் ஆன்டி. யாருமே அதைப் படிக்கலை. மொதல்ல படிச்சது நீங்கதான். அதுவும் தப்பா."

அக்கா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "மாரியாயி மகள் அந்தப் பழைய சீட்டைப் பார்த்திருக்குமே?"

"பார்த்துச்சு. அம்மா, இது பேக்டரின்னு போட்டிருக்குன்னு சொல்லிச்சாம். மாரியாயி அக்கா அது தலையில ஒரு கொட்டு கொட்டி, ரயில்வேல இருந்த படிச்ச அம்மாவுக்குத் தெரியாதது உனக்குத் தெரியுமான்னு கேட்டிருக்காங்க. புதுச் சீட்டு போன வாரம்தான் போச்சு. புஷ்பவல்லி வாசிச்சுட்டு, ஆமாம்மா, நான்தான் தப்பா படிச்சேன்னு சொல்லிச்சாம்."

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினார். கண்ணில் தண்ணீர் வந்ததை மறைக்கத்தான். படித்தவர் என்று தன்னை யாரோ நம்பியது அவருக்கு எந்தப் பதவி உயர்வையும்விடப் பெரிதாக இருந்தது. அந்தப் பிள்ளையிடம் என்றைக்காவது உண்மையைச் சொல்லி, கொட்டு வாங்கியதற்கு ஒரு சாக்லெட் பெட்டி கொடுக்கவேண்டும் என்றும் நினைத்துக்கொண்டார்.

மதிலுக்கு அந்தப் பக்கம் மீனலோசனி வந்து நிற்பது தெரிந்தது. வாசு அந்தப் பக்கம் பார்த்தான். அவள் சிரிக்கவில்லை, ஆனால் போகவுமில்லை.

"அச்சு ஆச்சு, சரி. தண்ணியில நிக்குமா?" என்றார் அக்கா. "ஏழு நாள் பொறு."

"ஆன்டி!" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

ஏழு நாள் என்றால் ஏழு நாள்தான். கனகசபை புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி நடந்தார், பேப்பர் பொறுக்கினார், யாரும் சொல்லாமல் தானாகவே மாமரத்தில் ஏறினார். ஒவ்வொரு சாயங்காலமும் அக்கா சட்டையைத் துவைத்துக் காயப்போட்டார். கொடியில் தொங்குகிற சட்டையின் காலரை மீனலோசனி தினமும் மதில் ஓரம் வந்து எட்டிப் பார்த்தாள். எழுத்து மங்குகிறதா, 'ஈ' இருக்கிறதா, பறந்துவிட்டதா என்று. வாசு தினமும் வேனில் அந்தத் தெரு வழியாக இரண்டு தடவை போனான், அவனுக்கு அந்தத் தெருவில் ஒரு வேலையும் கிடையாது.

எட்டாம் நாள் காலை அக்கா பழைய பாரத்தை மேஜையில் விரித்தார். காலியாக இருந்த 'சேதம்' கட்டத்தில், வெள்ளைக்காரத் துரையே அகராதி தேடுகிற தன் இங்கிலீஷில் எழுதினார்: 'ஓர் எழுத்து. சரிசெய்யப்பட்டது. ஏழு தடவை துவைத்தும் நிற்கிறது.' பாரத்தை மதிலுக்கு மேலே நீட்டினார்.

மீனலோசனி ஒரு வரியும் படிக்கவில்லை. நேராகக் கடைசிக் கட்டத்துக்குப் போய், 'பெற்றுக்கொண்டவர்' என்ற இடத்தில் சிவப்புப் பேனாவால் கையெழுத்துப் போட்டாள்.